மிச்ச அதிர்ஷ்டம்

ஒசாகாவுக்கு வேலைக்கு வந்து எனக்கு அது முதல் குளிர்காலம். 2020 ஜனவரி. பக்கத்து ஊர் நிஷினோமியாவில் எபிசு சாமிக்கு 9, 10, 11 என்று மூன்று நாள் திருவிழா. பத்தாம் தேதி காலை 6 மணிக்குக் கோயிலின் சிவப்பு வாசலைத் திறந்ததும் ஒரு கூட்டம் சன்னதிவரை 230 மீட்டர் தலைதெறிக்க ஓடும். முதலில் சேரும் மூன்று பேர்தான் அந்த வருஷத்து அதிர்ஷ்டசாலிகள். நான் பதினொன்றாம் தேதி, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, ஹான்ஷின் ரயிலில் சாவகாசமாகப் போய் இறங்கினேன். மூன்றாம் நாளுக்கென்றே 'நோகோரி புகு' உண்டாம். மிச்சமிருக்கும் அதிர்ஷ்டம். என்னைப் போன்ற சோம்பேறிக்கு வாகான ஏற்பாடு.

எபிசு மீன்பிடியின் சாமி, வியாபாரத்துக்கும் சாமி. கையில் தூண்டில், கக்கத்தில் ஜப்பானியர் 'தாய்' என்று சொல்லும் ஒரு மீன், வாயெல்லாம் சிரிப்பு. கதையைக் கேட்டால் அந்தச் சிரிப்பு எப்படி வந்ததென்றே புரியாது. பிறந்த பிள்ளை சரியில்லை என்று பெற்றவர்களே நாணல் படகில் வைத்துக் கடலில் விட்டுவிட்டார்கள். பிறகு நருஓ என்ற ஊர் மீனவர் ஒருவர் வலையில் சிலையாகச் சிக்கியபோது, மீன் இல்லையே என்று அவரும் திருப்பிக் கடலில் போட்டார். வேறிடம் போய் வலை வீசினால் மறுபடி அதே சிலை! அப்புறம்தான் வீட்டுக்கு எடுத்துப்போய்க் கும்பிட்டிருக்கிறார். இன்று ஜப்பான் முழுக்க உள்ள சுமார் 3500 எபிசு கோயில்களுக்கு இந்த நிஷினோமியா கோயில்தான் தலைமைக் கோயில்.

சன்னதியில் ஆளைவிட நீளமான சூரை மீன் ஒன்றைக் கிடத்தியிருந்தார்கள். உறைந்த மீன். அதன் மேல் காசை ஒட்டவைத்தால் பணம் நம்மிடம் ஒட்டுமாம். மூன்றாம் நாள் ஆகிவிட்டதால் கண்ணையும் துடுப்பையும் தவிர எங்கும் காசுச் செதில். தேடிப்பிடித்து ஓர் இடத்தில் ஐந்து யென் வைத்தேன். வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி விழுந்தது. விரல் நுனி மரத்து, மீன் வாடை ஏறியதுதான் மிச்சம்.

"ஒஷிதே, ஒஷிதே" என்று பின்னாலிருந்து ஒரு பாட்டி. அழுத்து, அழுத்து. அழுத்தியும் நிற்கவில்லை. பாட்டி தன் சுருக்குப்பையைத் துழாவி ஒரு யென் அலுமினியக் காசை என் உள்ளங்கையில் வைத்தார். எடை ஒரே கிராம். செவுளுக்குக் கீழே பச்சென்று ஒட்டிக்கொண்டது.

திருப்பிக் கொடுக்கலாமென்று பர்ஸைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு யென் இல்லை. பாட்டி கையை ஆட்டி வேண்டாமென்றுவிட்டு டகோயாக்கி கடைப் பக்கம் நடந்தார். நியாயப்படி பார்த்தால் அந்த அதிர்ஷ்டம் யார் கணக்கில் சேர்ந்திருக்கும்?