ஜாஸ் காலத்துக் கறுப்பின நடனப் பெண்கள்: ஆய்வேடு எழுதப் போகிறவர்களுக்கு

1920களில் நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமிலும் பாரிஸிலும் மேடைகளில் ஆடிய கறுப்பினப் பெண்கள், அவர்களைச் சுற்றி மாறிக்கொண்டிருந்த அழகு பற்றிய எண்ணங்கள்: இதுதான் என் எம்.ஏ. ஆய்வேட்டின் தலைப்பு. இப்போது அதே பக்கம் வந்திருக்கும் ஜூனியர்கள் சிலர் எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரிடமும் நான் சொன்னதையெல்லாம் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

முதல் விஷயம், பாரிஸில் புகழ்பெற்ற அமெரிக்கக் கறுப்பின நடனக்காரி ஜோசபின் பேக்கரின் வாழைப்பழப் பாவாடைப் படத்திலிருந்து தொடங்காதீர்கள். எல்லாரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். அப்புறம் ஆய்வேடு முழுக்க அவரே உட்கார்ந்துகொள்வார், மற்றவர்களுக்கு இடமே இருக்காது. 1921இல் நியூயார்க்கில் அரங்கேறிய 'ஷஃபிள் அலாங்' என்ற இசை நாடகம் நல்ல தொடக்கம். கதை, இசை, பாட்டு எல்லாமே கறுப்பினக் கலைஞர்களுடையது, பெரிய வெற்றி. கெர்ட்ரூட் சாண்டர்ஸ் விலகியதும் அந்த இடத்துக்கு வந்த ஃபுளாரன்ஸ் மில்ஸ் அதிலேதான் நட்சத்திரமானார். 1923இலும் 1926இலும் லண்டன் அவரைக் கொண்டாடியது. 1927 நவம்பரில், முப்பது வயதைச் சற்றே தாண்டியிருந்தபோது இறந்துபோனார். இறுதி ஊர்வலத்தன்று ஹார்லெம் தெருக்களில் நிற்க இடமில்லை. இன்று அவர் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. முக்கியக் காரணம், அவர் ஆடியது எதுவும் திரைப்படத்தில் பதிவாகவில்லை. யாருடைய அழகு வரலாற்றில் மிஞ்சுகிறது என்பதிலேயே கேமராவுக்குப் பங்கு உண்டு. இதை முன்னுரையிலேயே சொல்லிவிடுங்கள்.

பேக்கர் இதே நாடகத்துக்குத்தான் முதலில் வாய்ப்புக் கேட்டுப் போனார். வயது போதாது, ஒல்லி, நிறம் அதிகக் கறுப்பு என்று திருப்பி அனுப்பினார்கள். பிறகு சுற்றுப்பயணக் குழுவில் உடை மாற்ற உதவும் வேலையில் நுழைந்து, கோரஸ் வரிசையின் (சேர்ந்தாடும் பெண்கள் வரிசை) கடைசி ஆளாக நின்றார். அந்தக் கடைசி இடம் கோமாளிக்கானது. மற்ற பெண்கள் அடி பிசகாமல் ஆடும்போது அவர் அடியை மறந்ததுபோலத் தடுமாறுவார், கண்ணைக் கோணுவார், கடைசியில் எல்லாரையும்விட நன்றாக ஆடிக் காட்டுவார். கூட்டம் அவரைத்தான் பார்த்தது. 1925 அக்டோபரில் பாரிஸ் ஷான்செலிசே அரங்கில் ஆடியபோது அந்த உடம்பையே ஐரோப்பியப் பத்திரிகைகள் புதிய அழகு என்று எழுதின. நியூயார்க்கில் கழித்துக் கட்டப்பட்டதற்கும் இதற்கும் இடையே ஐந்து வருஷம்கூட இல்லை. உடம்பு மாறவில்லை, மதிப்பெண் போடுகிறவர்கள் மாறினார்கள்.

மதிப்பெண் போடுகிறவர்கள் யார்? என் ஆய்வேடு முழுக்க இந்த ஒரு கேள்வியில்தான் ஓடியது. ஒவ்வொரு ஆட்டக்காரிக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கினேன். அரங்கு யாருடையது, ஆட்களைத் தேர்ந்தெடுத்தது யார், டிக்கெட் வாங்கி உட்கார்ந்தது யார், பத்திரிகையில் எழுதியது யார். இதை நிரப்பிவிட்டால் "அழகு மாறியது" என்ற வழவழா வாக்கியம் தானாகக் காணாமல் போகும்.

ஹார்லெமில் இருந்த காட்டன் கிளப் என்ற இரவு விடுதியை எடுத்துக்கொள்ளுங்கள். லெனாக்ஸ் அவென்யூ, 142ஆம் தெரு. முதலாளி ஓனி மேடன், வெள்ளைக்கார கேங்ஸ்டர். ஆடுகிறவர்கள் கறுப்பினத்தவர், உட்கார்ந்து பார்ப்பவர்கள் வெள்ளையர். கோரஸ் பெண்ணுக்கு வயது 21க்குள், உயரம் ஐந்தடி ஆறங்குலத்துக்குக் குறையாமல், தோல் வெளிர்நிறம். 1933இல் 16 வயது லீனா ஹார்ன், பிற்காலத்தில் புகழ்பெற்ற பாடகி, அந்த வரிசையில்தான் சேர்ந்தார். அதே அவென்யூவில் கொஞ்ச தூரம் நடந்தால் 140, 141ஆம் தெருக்களுக்கு நடுவே 1926இல் திறந்த சவாய் பால்ரூம் என்ற நடனக்கூடம். அங்கே இரண்டு இனத்தவரும் ஒரே தரையில் ஆடினார்கள். ஆடத் தெரியுமா என்பதுதான் அங்கே எடுபட்டது. நார்மா மில்லர் போன்ற லிண்டி ஹாப் (ஜோடியாக ஆடும் வேக நடனம்) ஆட்டக்காரிகள் வந்தது அந்தத் தரையிலிருந்துதான். ஒரே தெரு, ஒரே காலம், இரண்டு அளவுகோல். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிய அத்தியாயம்தான் என் ஆய்வேட்டில் உருப்படியானது என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் பழியை முழுக்க வெள்ளை முதலாளிகள் தலையில் போட்டுவிட்டு நகர முடியாது. கறுப்பினப் பத்திரிகைகளைப் புரட்டினால், இன முன்னேற்றம் பற்றிய தலையங்கம் வரும் இதழிலேயே தோலை வெளுக்கும் க்ரீமுக்கும் விளம்பரம் இருக்கும். கூந்தல் பராமரிப்புப் பொருள்கள் விற்ற கறுப்பினத் தொழிலதிபர் மேடம் சி.ஜே. வாக்கரை வில்லியாக்குவதும் தப்பு. தான் உயிரோடு இருந்தவரை அவர் வெளுக்கும் க்ரீம் விற்கவில்லை. 1919இல் அவர் இறந்த பிறகே கம்பெனி அந்தப் பக்கம் போனது. வீட்டுவேலையும் துணி துவைப்பதும்தான் கதி என்றிருந்த பெண்கள் பலர் அவருடைய ஏஜெண்டாகச் சொந்தமாகச் சம்பாதித்தார்கள். இதையும் எழுதுங்கள்.

பேக்கர் ஆடிய படத்துண்டுகள் இணையத்தில் கிடைக்கின்றன. சத்தத்தை அணைத்துவிட்டு மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். சார்ல்ஸ்டன் என்ற அந்தக் காலத்து வேக நடனத்தை ஆடும்போது முழங்கால்கள் உள்ளே சேர்ந்து விரிகின்றன, அதற்குள் கைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக முழங்கால் மாறுகின்றன. பார்க்கிறவன் அசந்து நிற்கும் நேரம் பார்த்து இரண்டு கண்ணும் மூக்கை நோக்கித் திரும்பும். தன்னை ரசிக்கிறவனின் பார்வையை அவர் அந்த இடத்தில் கலைத்துவிடுகிறார் என்பது என் வாதம். என் வழிகாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. முகத்தில் கரி பூசி ஆடிய மின்ஸ்ட்ரல் மேடையின் மிச்சம் அது, வெள்ளைப் பார்வையாளனுக்குப் பழகிப்போன கோமாளித்தனம் என்றார். இரண்டையும் எழுதிவிட்டு, நான் ஏன் என் பக்கம் நிற்கிறேன் என்று இரண்டு பக்கத்துக்கு விளக்கினேன்.

பாரிஸைச் சொர்க்கம் ஆக்காதீர்கள். பேக்கர் பெயரில் பேக்கர்ஃபிக்ஸ் என்ற தலைமுடிப் பூச்சு விற்றது. பாரிஸ் பெண்கள் அவரைப்போல முடியை மண்டையோடு ஒட்டி வாரிக்கொண்டார்கள். சரி. ஆனால் சினிமா அவருக்குக் கொடுத்தது காலனிநாட்டுப் பெண் வேடங்களைத்தான். 1936இல் ஜீக்ஃபெல்ட் ஃபாலிஸ் என்ற பிராட்வே மேடை நிகழ்ச்சியில் ஆட நியூயார்க் திரும்பியபோது விமர்சகர்கள் கடுமையாகக் கிழித்தார்கள். மறு வருஷமே பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிக்கொண்டார். மேல்நோக்கிப் போகும் ஒரே கோடாக இதை வரைய முடியாது.

புகைப்படங்கள் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஒருவர் வெளிர்நிறமா கறுப்பா என்று படத்தை மட்டும் பார்த்து எழுதாதீர்கள். அந்தக் காலத்து ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிம் சிவப்பு நிறத்தை உணராது, தோலைக் கூடுதல் கறுப்பாகக் காட்டும். அதோடு பவுடர், மேடை விளக்கு, ஸ்டூடியோவின் கைவேலை வேறு. அந்தக் காலத்தில் எழுதப்பட்ட வர்ணனை கிடைத்தால் மட்டுமே நிறத்தைப் பற்றிப் பேசுங்கள்.

பத்திரிகைகளுக்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் செய்தித்தாள் காப்பகம் இலவசம். 'தி கிரைசிஸ்' என்ற கறுப்பின மாத இதழின் பழைய இதழ்களும் இணையத்தில் உண்டு. 'சிகாகோ டிஃபெண்டர்' என்ற கறுப்பின நாளேட்டின் பழைய இதழ்கள் பெரும்பாலும் கட்டணத் தளத்தில்தான்; உங்கள் பல்கலைக்கழக நூலகத்துக்குச் சந்தா இருக்கிறதா என்று முதல் மாதமே கேட்டு வையுங்கள்.

வைவாவில் நம் ஊர் சிவப்பழகு க்ரீம் பற்றிக் கட்டாயம் ஒரு கேள்வி வரும். எனக்கும் வந்தது. அதற்காக ஆய்வேட்டில் ஓர் அத்தியாயத்தைத் திணிக்க வேண்டாம். அமெரிக்காவில் வெளிர்நிறத்துக்குக் கிடைத்த மதிப்புக்குப் பின்னால் அடிமைப் பண்ணைகளும், அங்கே முதலாளிகள் கறுப்பினப் பெண்கள்மீது நடத்திய பாலியல் வன்முறையும் இருக்கின்றன; நம்முடைய வேர் வேறு. இந்த அளவு சொன்னதுமே தேர்வாளர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

தலைப்பை இன்னும் முடிவு செய்யாதவர்கள் விட்மன் சகோதரிகள் என்ற கறுப்பின மேடைக் கலைஞர்களைப் பாருங்கள். மேபல், எஸ்ஸி, ஆல்பெர்டா, ஆலிஸ் என நான்கு பேர். சொந்தமாகக் குழு நடத்தினார்கள், மேபல் நிர்வாகம். ஆல்பெர்டா முடியை வெட்டிக்கொண்டு ஆண் வேடத்தில் ஆடுவார். சகோதரிகள் வெள்ளையர் என்று சொன்னால் நம்பும் அளவுக்கு வெளிர்நிறம். கரி பூசி ஆடிவிட்டு அதைக் கழுவிக்கொண்டு மறுபடி மேடைக்கு வந்தால், வெள்ளைக்காரிகள் இங்கே எப்படி என்று கூட்டம் குழம்புமாம். ஆனால் தங்கள் கோரஸில் எல்லா நிறப் பெண்களையும் நிறுத்தினார்கள். தேர்வு செய்கிற கை கறுப்பினப் பெண்களுடையதாக இருந்தபோது வரிசை எப்படி இருந்தது என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. எனக்கு நேரம் இல்லாமல் ஓர் அடிக்குறிப்போடு விட்டேன். நீங்கள் முழுசாக எடுங்கள்.