ஒரே படம், இரண்டு மதிப்பெண்

படம் முடிந்ததும் "எப்படி இருந்துச்சு?" என்று துணையிடம் கேட்காதீர்கள். முதலில் வாய் திறப்பவரின் எண்ணை ஒட்டியே மற்றவருடையதும் நகர்ந்துவிடும். ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் 10-க்கு எத்தனை என்று எழுதி மடித்து வைத்த பிறகு பேசுங்கள். சராசரி மட்டும் போடாதீர்கள்: 9-ம் 3-ம் சேர்ந்து 6 ஆனால் சுமாரான படம் என்று அர்த்தமாகும், இருவருமே அப்படிச் சொல்லவில்லையே!

ஒரு புள்ளி வித்தியாசத்துக்கெல்லாம் மல்லுக்கட்ட வேண்டாம். 3-ஐத் தாண்டினால்தான் சுவாரசியம். அப்போதும் "பிடிக்கல" என்று நிறுத்தினால் பேச்சு படுத்துவிடும். எந்தக் காட்சியில் மனம் விலகியது? அதற்கு 5 நிமிடம் முன்னாலிருந்து மறுபடி ஓட்டுங்கள். அடுத்த முறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். அழவைத்தது நடிப்பா, பின்னணி இசையா என்பது பிடிபடும். பாதிச் சண்டை இங்கேயே தீரும்.

ஒரே முகத்தில் ஒருவர் சோகத்தையும் மற்றவர் வெறுமையையும் பார்ப்பது சகஜம். பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஷாட்டைப் பொறுத்து முகத்தின் உணர்ச்சி மாறித் தெரியும். எடிட்டிங்கில் இதைக் குலெஷோவ் விளைவு என்பார்கள்.

நடுவில் தூங்கியவரின் சீட்டு செல்லாது. விட்ட பகுதியைப் பார்த்துவிட்டு எண் போடட்டும்.