செப்பாவில் பொறித்த எண்

ஆஸ்திரேலியாவில் வசிக்கும் நண்பர் ஒருவர், தாம் வாங்கிய ஜப்பானிய ராணுவ அதிகாரியின் வாளைப் பிரித்துப் பார்க்கும்போது என்னையும் உடன் அழைத்திருந்தார். 1938இல் அறிமுகமான 98ஆம் வகை ஷின் குந்தோ, அதாவது புதிய ராணுவ வாள் அது. பார்த்தவுடன் கண்ணை உறுத்தியது, ட்சுபா என்னும் கைக்காப்புத் தகட்டின் பளபளப்புதான். முன்பு வைத்திருந்தவர் யாரோ பாலிஷ் போட்டுத் தேய்த்து, செர்ரிப் பூக்களின் பள்ளங்களில் இருந்த கருமையையும் மேடுகளில் எஞ்சியிருந்த பொன்முலாமையும் ஒருசேரப் போக்கியிருந்தார். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிய பழக்கம் போலும்! போன முலாமை மீண்டும் பூசலாம். ஆனால் அது அந்த வாளின் முலாமாக இராது.

கைப்பிடியையும் வாளையும் இணைக்கும் மெகுகி என்ற மூங்கில் ஆணியை அதன் மெல்லிய முனையிலிருந்து தட்டி வெளியேற்றினோம். பிறகு ட்சுபாவின் இருபுறமும் இருக்கும் செப்பா என்ற மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எந்த முகம் எந்தப் பக்கம் நோக்கியிருந்தது என்று படம் எடுத்து, அதே வரிசையில் துணியில் பரப்பினோம். எல்லாவற்றிலும் ஒரே எண் பொறிக்கப்பட்டிருந்தது. அதிகாரிகள் தங்கள் வாளைச் சொந்தப் பணத்தில் வாங்கியதால் பொருத்துப்பாகங்களின் தரமும் வடிவமும் வாளுக்கு வாள் மாறும். ஆகவே எந்தெந்தப் பாகங்கள் ஒன்றாகவே பட்டறையை விட்டு வெளிவந்தவை என்பதற்கு இந்த எண்தான் சாட்சி. உடைந்த செப்பாவுக்குப் பதில் வேறொரு வாளின் செப்பாவைச் செருகுபவர்கள் இதை யோசிப்பதில்லை. 1935இல் வந்த, கீழ்நிலைப் படைத்தலைவர்களுக்கான 95ஆம் வகையில் இந்தச் சிக்கல் குறைவு: வாளிலும் உறையிலும் ஒரே வரிசை எண் இருக்கும். ஆனால் அதன் அலுமினியக் கைப்பிடியில் மீதமிருக்கும் பழைய வண்ணத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிப்பவர்களை எதைக் கொண்டு தடுப்பது?

கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் அடித்தண்டான நகாகோவின் துருவைத் தொடவே கூடாது. அதன் நிறமும் தடிப்பும் வாளின் வயதைக் கணிக்க உதவும். பொருத்தியவர்கள் வண்ணத்தில் எழுதிய எண் சில சமயம் அங்கே இருக்கும். அசிட்டோனில் நனைத்த பஞ்சை ஒரு முறை இழுத்தாலே அது அழிந்துவிடும்.

கைப்பிடியைச் சுற்றிய நாடா ஓரிடத்தில் தளர்ந்திருந்தது. நண்பர் புது நாடா சுற்றச் சொன்னார், நான் மறுத்தேன். நாடாவை அவிழ்த்தால் அடியிலுள்ள திருக்கைத் தோல் உடைந்து பெயரக்கூடும். கைபட்டுத் தேய்ந்த இடங்களும் போய்விடும். வெகுநேர வாதத்துக்குப் பிறகு அவர் இசைந்தார். தலைமுனை வளையத்தில் குஞ்சம் இல்லை. தளபதிகளுக்குச் சிவப்பும் பொன்னும், நடுத்தர அதிகாரிகளுக்குப் பழுப்பும் சிவப்பும், இளைய அதிகாரிகளுக்குப் பழுப்பும் நீலமும் என்று அதன் நிறம் பதவியைக் காட்டும். உரியவர் யாரென்று தெரியாத வாளில் ஒரு நிறத்தைக் கட்டுவது, அவருக்கு நாமே பதவி வழங்குவதாகும் என்பதால் வளையத்தை வெறுமையாகவே விட்டோம்.

உறையின் பித்தளைப் பாகங்களில் தோல் பட்ட இடத்தில் திரண்டிருந்த பச்சைக் களிம்பை மட்டும் மூங்கில் குச்சியால் பொறுமையாக நெகிழ்த்தி எடுத்தோம். வாளலகில் துளி எண்ணெய் தடவி, கைப்பிடிக்குள் கசியாதபடி துடைத்தோம்.

பழைய மெகுகி பிளவுபட்டிருந்ததால் அதை மீண்டும் செருகுவது ஆபத்து. முற்றிய மூங்கிலில் புதிதாக ஒன்றைச் சீவிப் பொருத்திவிட்டு, பழையதைத் தேதி எழுதிய சிறு காகித உறையில் இட்டு வாளுடனேயே வைத்திருக்கிறார் நண்பர்.