டாஃப்னியின் கை, மூன்றாம் முறை

ஒருவழியாக டாஃப்னியின் வலது கை நின்றுவிட்டது. கை மட்டும்தான். அப்பல்லோ தேவன் துரத்த, தப்பிக்க லாரல் மரமாக மாறிய கிரேக்கக் கதைப் பெண்தான் டாஃப்னி. விரல்கள் இலையாக மாறும் அந்த நொடியைக் காட்டும் சிற்பி பெர்னினியின் பளிங்குச் சிலை அப்பல்லோ–டாஃப்னியைப் (1622–1625, ரோமில் போர்கேசே காட்சிக்கூடம்) பார்த்து, ஒரு சாண் உயரத்தில் எபாக்சி புட்டியில் (பிசைந்து வைத்தால் கெட்டியாகும் பசை மாவு) செய்கிறேன். முழுச் சிலைக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

முதல் கை காற்றில் காயும் களிமண். இலையெல்லாம் அப்பளமாக நொறுங்கியது, அதை விடுங்கள். இரண்டாவதுதான் வயிற்றெரிச்சல். இலை நரம்புக்காக அடுக்களையிலிருந்து பிரிஞ்சி இலையை எடுத்து அழுத்தினேன், அச்சு அழகாக விழுந்தது. இருபத்திரண்டு இலையை ஒட்டிக் காயவிட்டு, போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் நீளவாக்கில் மூன்று நரம்பு! நம் பிரிஞ்சி இலை மரம் லவங்கப்பட்டை மரத்துக்கு உறவு. டாஃப்னி மாறிய லாரல் வேறு மரம். அதற்கு நடுநரம்பு ஒன்றுதான், மற்றவை அதிலிருந்து பக்கவாட்டில் பிரியும். அப்பல்லோ பிரியாணிக்காகத் துரத்தியது போல ஆகிவிட்டது. “யார் கவனிக்கப் போகிறார்கள்?” என்றார்கள் வீட்டில். எனக்குத் தெரியுமே.

இந்த முறை நரம்பை ஊசியால் கீறினேன். டால்கம் பவுடர் தூவிய பிளாஸ்டிக் தாளில் புட்டியை மெல்லிசாகத் தேய்த்து வெட்டி, கொஞ்ச நேரம் அப்படியே விட வேண்டும். வளைத்தால் மெதுவாக நிமிர்கிற பதத்தில் ஒட்டினால்தான் நிற்கும். அவசரப்பட்டால் தொங்கும், தாமதித்தால் முறியும்.

அதைவிடத் தொல்லை, விரல் எங்கே முடிந்து இலை எங்கே தொடங்குகிறது என்பது. நகத்தடியில் இலையைச் செருகினால் விரலுக்குப் பூ வைத்தது போல இருக்கிறது. கடைசியில் விரலுக்குள் ஓடும் செம்புக் கம்பியையே நுனிக்கு வெளியே நீட்டிக் குச்சியாக்கி, சதையை அதன் மேலேயே மெலியவிட்டேன். அப்புறம்தான் விரல் மரமாகத் தொடங்கியது. (கம்பிக்கு மோட்டார் காயில் கட்டும் கடையில் கேளுங்கள். துண்டு துண்டாகக் கிடக்கும், கைவினைக் கடை விலையில் கால்வாசிகூட ஆகாது.)

எனக்காவது ஒட்ட வழியுண்டு. பளிங்கில் செதுக்கிக் கழிப்பது மட்டும்தான். அந்த இலை, வேர் வேலையில் பெரும்பங்கு உதவியாளர் ஜூலியானோ ஃபினெல்லியுடையது என்கிறார்கள். பேர் என்னவோ பெர்னினிக்கு.

லண்டன் நேஷனல் கேலரியில் இதே கதையை இத்தாலிய ஓவியர் பொல்லாயுவோலோ வரைந்த சின்னப் பலகை ஓவியம் ஒன்று உண்டு. அதில் இந்த விரல் பிரச்சினையே இல்லை, டாஃப்னியின் இரண்டு கையும் இரண்டு மரமாகவே விரிந்திருக்கும். கெட்டிக்காரர்!

அடுத்து அப்பல்லோவின் இடது கை. டாஃப்னியின் இடுப்பைப் பிடிக்கப் போன கைக்கு மரப்பட்டைதான் அகப்படுகிறது. இந்தக் கதையைச் சொல்லும் ரோமானியக் கவிஞர் ஓவிட்டின் கவிதையிலோ அப்பல்லோ மரத்தின் மேல் வலது கையை வைக்கிறான், புதிய பட்டைக்குள் நெஞ்சு இன்னும் துடிப்பது தெரிகிறது. பட்டைக்கு மரத்தூள் கலந்து பார்க்கும் யோசனை இருக்கிறது.

அதற்கு முன்னால் டாஃப்னியின் கட்டைவிரல் பாக்கி. புட்டி தீர்ந்துவிட்டது, கடை திங்கட்கிழமைதான் திறக்கும்.