நாற்பது கட்டுரைகளும் ஒரு வாக்கியமும்

பல்கலைக்கழகத்தில் வணிக மேலாண்மை நடத்தத் தொடங்கிய காலத்தில், நிலைத்தன்மை (சஸ்டைனபிலிட்டி) எங்கள் பாடத்திட்டத்தின் கடைசி அலகில் இருந்தது. கடைசி அலகு என்றால் என்ன கதி என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். தேர்வு நெருங்கியிருக்கும். இரண்டு வகுப்புகளில் ஸ்லைடுகளை ஓட்டிவிட்டு, “இதிலிருந்து ஒரு கேள்வி நிச்சயம்” என்று சொல்லி முடித்துவிடுவேன்.

ஒரு பருவத்தில் அதையே அசைன்மென்டாகக் கொடுத்தேன். வந்த நாற்பது கட்டுரைகளில் பெரும்பாலானவை ஐ.நா. ஆணையம் ஒன்று 1987ஆம் ஆண்டு வெளியிட்ட புருண்ட்லாண்ட் அறிக்கையின் வரையறையோடு தொடங்கின: வருங்காலத் தலைமுறையின் தேவைகளுக்குக் குந்தகம் வராமல் இன்றைய தேவைகளை நிறைவு செய்துகொள்ளும் வளர்ச்சி. அப்புறம் ஐ.நா.வின் 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகள். கடைசியில், நிறுவனங்கள் பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டும் என்ற வேண்டுகோள். தப்பு என்று ஒரு வரியைக்கூடச் சுழிக்க முடியவில்லை. அதுதான் உறுத்தியது. யாரும் எதையும் தேடிப் பார்க்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, நான் கேட்ட கேள்வியில் தேடுவதற்கு ஒன்றுமே இல்லை.

இத்தனைக்கும் ஆய்வுமுறை என்று தனிப்பாடம் ஒன்று இருந்தது. கருதுகோள், மாதிரி எடுத்தல், இரண்டு அளவுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் ஒட்டுறவு எல்லாம் அதில் வரும். எதை ஆராய்வது என்பது மட்டும் வராது. கத்தி தீட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு, நறுக்கக் காய் கொடுக்காத சமையல் வகுப்பு மாதிரி.

சரி, இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம் என்று கருத்துக்கணிப்பு நடத்தச் சொன்னேன். முதல் முயற்சி சொதப்பியது. “விலை சற்றுக் கூடினாலும் சுற்றுச்சூழலைக் கெடுக்காத பொருளை வாங்குவீர்களா?” என்று மாணவர்கள் தங்கள் நண்பர்களையே கேட்டார்கள். யார் இல்லை என்பார்கள்? அனைவரும் ஆம் என்றார்கள். அதை வண்ண வண்ண வரைபடமாக்கிக் காட்டிய மாணவரிடம், “நீங்கள் கடைசியாக வாங்கிய பொருளை ஏன் வாங்கினீர்கள்?” என்று கேட்டேன். “ஆஃபரில் இருந்தது சார்.” வகுப்பே சிரித்தது, அவரும் சிரித்தார். சொல்வதற்கும் வாங்குவதற்கும் உள்ள இடைவெளியைப் பற்றி மார்க்கெட்டிங் துறையில் ஏகப்பட்ட ஆய்வுகள் உண்டு. நான் முன்பு பட்டியல் கொடுத்தபோது யாரும் அவற்றைத் திறக்கவில்லை. அந்தச் சிரிப்புக்குப் பிறகு சிலர் தாங்களாகவே தேடிப் படித்தார்கள்.

அடுத்த பருவத்தில் வேலையைச் சுருக்கினேன். ஒவ்வொரு குழுவும் ஏதாவது ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலிருந்து சுற்றுச்சூழல் பற்றிய ஒரே ஒரு வாக்கியத்தை எடுக்க வேண்டும். அது உண்மையா என்று பருவம் முழுக்கத் துருவ வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு வாக்கியத்துக்கு நான்கு மாதமா என்று முணுமுணுத்தார்கள். ஒரு குழு எடுத்தது, “ஒரு யூனிட் உற்பத்திக்கான கார்பன் உமிழ்வைக் குறைத்திருக்கிறோம்” என்ற வாக்கியம். எண்களை எளிமையாக்கிச் சொல்கிறேன்: யூனிட்டுக்கு 20 சதவீதம் குறைவு, அதே காலத்தில் உற்பத்தி 30 சதவீதம் அதிகம். 0.8ஐ 1.3ஆல் பெருக்கினால் 1.04. அதாவது மொத்த உமிழ்வு 4 சதவீதம் கூடியிருக்கிறது. வாக்கியத்தில் பொய் இல்லை, ஆனால் படிப்பவர் மனதில் எழும் படம் வேறு. சாதாரணப் பெருக்கல்தான். ஆனால் அதைப் போட்டுப் பார்க்கத் தோன்ற வேண்டுமே.

அப்புறம், யாருடைய உமிழ்வு என்ற கேள்வி வந்தது. பசுங்குடில் வாயுக் கணக்கீட்டு நெறிமுறையின்படி, நிறுவனத்தின் சொந்தப் புகைபோக்கியும் வாகனங்களும் ஸ்கோப் 1. வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. கச்சாப் பொருள் தருபவர் முதல் வாடிக்கையாளர் தூக்கி எறிவது வரையான மற்றதெல்லாம் ஸ்கோப் 3, அதற்குள்ளேயே 15 வகைகள். பல தொழில்களில் இந்த மூன்றாவதுதான் மிகப் பெரியது. குழு எடுத்த அறிக்கையில் முதல் இரண்டு மட்டுமே இருந்தன. உண்மையைச் சொன்னால், இந்த அளவுக்கு நுணுக்கமாக நானும் அதுவரை படித்ததில்லை. அவர்களோடு சேர்ந்துதான் படித்தேன்.

இன்னொரு குழு சுருக்குவழி தேடியது. சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் மூன்றிலும் ஒரு நிறுவனம் எப்படி நடந்துகொள்கிறது என்பதற்குத் தரும் இ.எஸ்.ஜி. மதிப்பெண்ணைப் பார்த்தால் போதாதா என்றார்கள். பாருங்கள் என்றேன். இரண்டு மதிப்பீட்டு அமைப்புகள் ஒரே நிறுவனத்துக்கு இருவேறு தரம் கொடுத்திருந்தன. பெர்க், கோல்பெல், ரிகோபான் மூவரும் 2022இல் வெளியிட்ட ஆய்வுக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தோம். ஆறு மதிப்பீட்டு அமைப்புகளை ஒப்பிட்டதில் சராசரி ஒட்டுறவு 0.54தான்; முழுக்க ஒத்துப்போனால் 1 வந்திருக்க வேண்டும். பெரும் காரணம், ஒரே விஷயத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அளப்பது. ஒட்டுறவுக் கெழு என்பதைச் சூத்திரமாக மனப்பாடம் செய்திருந்தவர்கள், முதல் முறையாக அந்த எண்ணைப் பார்த்து அதிர்ந்தார்கள்.

மதிப்பெண் முறையையும் மாற்ற வேண்டியிருந்தது. எங்கே தேடினோம், எதை ஏன் ஒதுக்கினோம் என்று எழுதும் தேடல் குறிப்பேட்டுக்கு நூற்றுக்கு நாற்பது. இதில் என்னைவிட நூலகர்தான் அதிகம் உதவினார். பாடத்திட்டத்தில் இதற்கெல்லாம் இடம் ஏது என்று கேட்ட சக ஆசிரியர்களுக்கு, புதிய பாடம் வேண்டாம், கணக்கியலிலும் உற்பத்தி மேலாண்மையிலும் இருக்கும் ஒரு அசைன்மென்டை மாற்றினால் போதும் என்றேன். பாதிப் பேர் ஒத்துக்கொண்டார்கள். பொறுப்புள்ள மேலாண்மைக் கல்விக்கான ஐ.நா. ஆதரவு பெற்ற கோட்பாடுகள் 2007இலேயே வந்துவிட்டன. அவற்றை ஏற்பதாகக் கல்வி நிறுவனங்கள் கையெழுத்துப் போடுவது சுலபம், கேள்வித்தாளை மாற்றுவதுதான் பாடு.

பருவ முடிவில் ஒரு குழு தயங்கியபடி வந்தது. வெளியிடப்பட்ட தரவுகளை வைத்துத் தங்கள் வாக்கியம் சரியா தவறா என்று சொல்ல முடியவில்லை, இன்னும் மூன்று எண்கள் தேவை, அவை எங்குமே இல்லை என்று எழுதியிருந்தார்கள். “முடிவே வரலையே சார், மார்க் போயிடுமா?” அந்த வகுப்பில் மிக அதிக மதிப்பெண்ணை அவர்களுக்குத்தான் போட்டேன். மறுபார்வை செய்த ஆசிரியர், ‘முடிவு எங்கே?’ என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினார். குழுவின் குறிப்பேட்டை அதனோடு இணைத்து மறுபடியும் அனுப்பினேன். மதிப்பெண் அப்படியே நின்றது.

அந்த மூன்று எண்களைக் கேட்டு மாணவர்கள் நிறுவனத்துக்கு அனுப்பிய மின்னஞ்சலுக்கு மட்டும் இதுவரை பதில் இல்லை.