டைபர் தீவில் ஒரு குதிரைக்காரப் பையன்

யூபிலி யாத்திரையின் கடைசி நாள். அசிசிக்கும் பதுவைக்கும் போய் வந்தாயிற்று, ரோமில் நாலு பேராலயங்களிலும் யூபிலி ஆண்டுக்காகத் திறக்கும் புனிதக் கதவுகளையும் கடந்தாயிற்று. பிற்பகல் மூன்று மணி நேரம் அவரவர் விருப்பம் என்று விட்டார்கள். குழுவில் எல்லோரும் செபமாலையும் சுரூபங்களும் வாங்கக் கிளம்பினார்கள். நான் டைபர் நதித் தீவுக்குப் போகிறேன் என்றதும், எங்களை அழைத்து வந்த ஃபாதர், "அங்க என்னப்பா பார்க்கப் போற?" என்றார்.

"ஒரு ஆஸ்பத்திரி, ஃபாதர்."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "நமுன்குராவா?" அவரும் தொன் போஸ்கோ தொடங்கிய சலேசிய சபைக்காரர்தான். "எனக்கும் சேர்த்து ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லு" என்று அனுப்பிவைத்தார்.

அந்தப் பெயரை நான் முதலில் கேட்டது பதினொரு வயதில், சலேசியர் நடத்திய ஒரு பள்ளி விடுதியில். எங்கள் ஊர் ஜவ்வாது மலை அடிவாரம். அப்பாவுக்கு ஒரு ஆட்டுப்பட்டி, நாலு மாடு. பட்டிக்குப் பக்கத்திலேயே கயிற்றுக் கட்டிலில் படுத்து வளர்ந்தவன் நான். விடுதிக்குப் போன முதல் வாரமே பையன்கள் என்னை 'ஆட்டு நாத்தம்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அப்பா கொடுத்தனுப்பிய கம்பளியில்தான் அந்த வாசனை இருக்கிறது என்று அதைப் பெட்டிக்கு அடியில் ஒளித்துவைத்தேன். மார்கழிக் குளிரில் வெறும் தரையில் படுத்துக் காய்ச்சல் வந்தது. விடுதியைப் பார்த்துக்கொண்ட வயதான ஃபாதர் ராத்திரி வந்து, அந்தக் கம்பளியைத் தேடி எடுத்து என்மேல் போர்த்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கதை சொன்னார். அர்ஜென்டினாவில் ஒரு பையன் இருந்தான், குதிரையிலேயே வளர்ந்தவன், அவனும் உன்னை மாதிரி பதினொரு வயதில்தான் விடுதிக்கு வந்தான் என்று.

செஃபெரினோ நமுன்குரா இன்று திருச்சபையின் அருளாளர், புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி அது. 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். ஆனால் அந்த ராத்திரியிலிருந்து எனக்கு அவன் விடுதித் தோழன். அவன் என்றே எழுதுகிறேன்.

தீவுக்கு இரண்டு பக்கமும் பாலம் இருக்கிறது. நான் போனது ஃபப்ரீசியோ பாலம் வழியாக. கி.மு. 62-இல் கட்டியது, இன்னும் ஜனங்கள் நடந்து போகிறார்கள். தீவு ரொம்பச் சின்னது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்க ஐந்து நிமிடம் ஆகாது. பழைய ரோமானியர்கள் வைத்திய தெய்வத்துக்குக் கோயில் கட்டிய இடம் இது. 1580-களிலிருந்து கடவுளின் புனித அருளப்பர் சபைச் சகோதரர்கள் இங்கே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள். இன்றும் அது ஆஸ்பத்திரிதான், பிரசவத்துக்குப் பேர்போனது. பாலத்தில் எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மா, கையில் பொட்டலம் கட்டிய சாப்பாட்டோடு வேகவேகமாகப் போய்க்கொண்டிருந்தார். எந்த ஊராக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவர்களின் நடை ஒன்றுதான்.

1905 மே 11 அன்று செஃபெரினோ இங்கேதான் இறந்தான். காசநோய். வயது பதினெட்டு.

அவன் பிறந்தது இன்னொரு நதிக்கரையில். அர்ஜென்டினாவின் தெற்கே, ரியோ நேக்ரோ ஆற்றோரம் சிம்பாய் என்ற ஊர். 1886 ஆகஸ்ட் 26. அந்த மண்ணின் பூர்வகுடிகளான மாபூச்சே இனம். தாத்தா கல்ஃபுகுரா பெரிய தலைவர். அவர் பெயருக்கு 'நீலக்கல்' என்று பொருள். அப்பா மனுவேல் நமுன்குரா, 'கல் பாதம்'. அந்தப் புல்வெளியில் படையோடு குதிரைமேல் திரிந்த குடும்பம். 1879-இல் தொடங்கிய அரசாங்கப் படையெடுப்பில் எல்லாம் போயிற்று. 1884-இல் மனுவேல் சரணடைந்தார். அவருக்குக் கர்னல் பட்டமும் சீருடையும் கொடுத்தார்கள். நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சிய துண்டு நிலத்தில் கால்நடையை வைத்துப் பிழைக்க வேண்டிய நிலை. இந்த இடத்தில் ஃபாதர் கதையை நிறுத்தி, "உங்கப்பாவுக்கு எத்தனை ஆடு?" என்று கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நடை பழகிய வயதில் செஃபெரினோ ஆற்றில் விழுந்துவிட்டான். வெள்ளம் இழுத்துக்கொண்டு போய், பெற்றவர்கள் நம்பிக்கை இழந்த நேரத்தில் கரையில் ஒதுக்கிவிட்டது என்று சொல்வார்கள். அப்புறம் குதிரைதான் வாழ்க்கை. பதினொரு வயதில், கஷ்டப்படும் நம் ஜனங்களுக்கு உபயோகமாக இருக்க நான் படிக்க வேண்டும் என்று அவனே அப்பாவிடம் கேட்டான். புவனோஸ் ஐரஸில் கடற்படையின் தொழிற்கூடத்தில் சேர்த்தார்கள், பிடிக்கவில்லை. 1897 செப்டம்பரில் சலேசியரின் ஒன்பதாம் பத்திநாதர் பள்ளிக்கு மாறினான். மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் சாப்பிட்டு, வரிசையில் நிற்பது முதலில் அவனுக்கு ஒத்துவரவில்லை. ஸ்பானிய மொழி வேறு சரியாக வராது. ஆனால் வில்லும் அம்பும் செய்து மற்றப் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்தான், பாட்டுக் குழுவில் பாடினான்.

ஒருநாள் கூடப் படித்த பையன் ஒருவன் அவனிடம் கேட்டானாம்: "மனுஷக் கறி என்ன ருசியா இருக்கும்?" செஃபெரினோ பதில் சொல்லவில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது. ஃபாதர் இதைச் சொன்னபோது நானும் அழுதேன். ஆனால் அந்த ராத்திரிதான் முதல்முறையாகக் கம்பளியை முகம்வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினேன்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. ஒருநாள் அவன் குதிரையில் பறந்துகொண்டிருந்தபோது, உனக்கு எது ரொம்பப் பிடிக்கும் என்று ஃபாதர்களில் ஒருவர் கேட்டாராம். குதிரை ஏறுவது என்றுதான் சொல்வான் என்று எதிர்பார்த்தார்கள். அவன் கடிவாளத்தை இழுத்து நிறுத்தி, "சாமியார் ஆவதுதான்" என்றான். சொல்லிவிட்டு மறுபடியும் குதிரையைத் தட்டிவிட்டுப் போய்விட்டான். தேவ அழைத்தல் என்றாலே குதிரையை விட்டு இறங்கி, தலையைக் குனிந்துகொள்வது என்று நினைக்கிற ஆட்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். அவன் இறங்கவே இல்லை.

இருமல் வந்தது. 1904-இல் ஆயர் கல்யேரோ அவனை இத்தாலிக்கு அழைத்து வந்தார். இந்தத் தட்பவெப்பம் அவன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும், படிப்பையும் தொடரலாம் என்ற எண்ணம். செப்டம்பர் 27 அன்று திருத்தந்தை பத்தாம் பத்திநாதரைச் சந்தித்து, தன் ஊர் வழக்கப்படி குவானாக்கோ என்ற ஒட்டக இன விலங்கின் தோலில் செய்த ஒரு போர்வையைக் கொடுத்தான். எனக்கு அந்த ஆட்டுக் கம்பளி ஞாபகம் வராமல் இருக்குமா? பிறகு ரோமுக்குப் பக்கத்தில் ஃபிரஸ்காத்தி ஊரில் படித்தான். குளிர்காலம் உடம்பை வாட்டிவிட்டது. 1905 மார்ச் கடைசியில் இந்தத் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். திருத்தந்தையின் சொந்த வைத்தியர் லப்போனியே பார்த்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆஸ்பத்திரிச் சுவரோரம் நின்று கீழே பார்த்தேன். டைபர் பச்சையும் பழுப்பும் கலந்து ஓடியது. கரைச் சுவர்மேல் நிற்கும் பிளேன் மரங்களின் இலைகள் கைப்பிடிச் சுவரெல்லாம் கிடந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன், என் உள்ளங்கையை விடப் பெரிது, ஓரம் மட்டும் காய்ந்து சுருண்டிருந்தது. தண்ணீர் ஓடுகிற சத்தம் அந்தப் பையனுக்குப் படுக்கையில் கேட்டிருக்கும். கண்ணை மூடினால் எந்த ஆறு என்று குழம்பியிருப்பானோ என்னவோ.

நான் இங்கே வந்த காரணத்தை இனி எழுத வேண்டும். கடைசி நாட்களில் செஃபெரினோ, தன்னைப் பார்க்க வந்த சாமியாரிடம் தனக்காக எதுவும் கேட்கவில்லை. ஃபாதர், நான் சீக்கிரம் போய்விடுவேன், இந்தப் பக்கத்துக் கட்டில் பையனை அடிக்கடி வந்து பாருங்கள், ராத்திரியெல்லாம் தூங்காமல் இருமிக்கொண்டே இருக்கிறான் என்றானாம். அவனுக்கே நெஞ்சு போய்விட்ட நிலையில் இதைச் சொன்னான்.

இது எனக்குப் பதினொரு வயதிலேயே தெரியும். மனப்பாடமாகத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்பாவை மூச்சுத்திணறலோடு ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பக்கத்துக் கட்டிலில் பத்தொன்பது இருபது வயதுத் தம்பி ஒருவன், எலும்பும் தோலுமாக. இரண்டு ராத்திரி விடாமல் இருமினான். அப்பா தூங்க முடியவில்லை, அவருக்கு ஏதாவது ஒட்டிக்கொள்ளும் என்று நான் நர்ஸிடம் சத்தம் போட்டேன். அவன் கட்டிலைக் கதவோரம் தள்ளிவிட்டார்கள். போகும்போது அவன் என்னைப் பார்த்து, "சாரிண்ணா" என்றான். காலையில் அப்பா கண் திறந்து கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பையன் எங்கடா?" இரவில் இருமுகிற ஆட்டுக்குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்த மனுஷன் அவர். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். நாலாம் நாள் அப்பா இறந்துவிட்டார். கதவோரக் கட்டிலை நான் திரும்பிப் பார்க்கவில்லை. முப்பதாம் நாள் பூசையில் உட்கார்ந்திருந்தபோதுதான் செஃபெரினோவின் பக்கத்துக் கட்டில் ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து இந்தத் தீவுக்கு வர வேண்டும் என்று நேர்ந்துகொண்டேன்.

செஃபெரினோவின் எலும்புகள் இப்போது ரோமில் இல்லை. 1924-இல் அர்ஜென்டினாவுக்குக் கொண்டுபோனார்கள். 2009 முதல் நெயுகேன் மாகாணத்தின் சான் இக்னாசியோவில், தன் சொந்த ஜனங்களிடையே இருக்கிறான். 2007 நவம்பர் 11 அன்று சிம்பாயிலேயே அவனை அருளாளராக அறிவித்தார்கள். ஒவ்வொரு ஆகஸ்டு கடைசியிலும் அங்கே கூட்டம் கூடும், குதிரைமேல் வருகிறவர்களும் உண்டு. அவன் இறந்து எட்டே மாதத்தில், 1906 ஜனவரியில், முதல் சலேசியர்கள் நம் தஞ்சாவூருக்கு வந்தார்கள். அவர்கள் வழியாகத்தான் அவன் கதையும் என் படுக்கைக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியை ஒட்டிப் புனித யோவான் கலிபீத்தா கோயில். உள்ளே பளிங்கும் பொன்னும். அங்கே விளக்கு மாதா என்று ஒரு பழைய படம். 1557-இல் டைபர் பெருக்கெடுத்து இந்தப் படத்தை மூழ்கடித்தபோது, முன்னால் எரிந்த விளக்கு தண்ணீருக்குள்ளும் அணையவில்லை என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. மாதா முன்னால் முழந்தாளிட்டேன். ஃபாதருக்கு ஒரு மந்திரம், அப்பாவுக்கு ஒன்று. மூன்றாவதைத் தொடங்கும்போது பெயர் வரவில்லை. அவன் பெயரை நான் கேட்டதே இல்லை. பிழைத்தானா, அதுவும் தெரியாது. "கதவோரக் கட்டில் தம்பிக்காக" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தேன். "இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும்" என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்தது பாலத்தில் பார்த்த அதே அம்மா. சாப்பாட்டுப் பை இப்போது காலியாக மடியில் மடித்துக் கிடந்தது. எழுந்து போகும்போது என் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

பஸ்ஸுக்குக் கடைசியாக வந்து சேர்ந்தவன் நான்தான். ஃபாதர் பக்கத்தில் இடம் போட்டு வைத்திருந்தார்.

"சொன்னியா?"

"சொன்னேன் ஃபாதர். மூணு பேருக்கு."

"உங்கப்பாவுக்கு ஒண்ணு. இன்னொண்ணு யாருக்கு?"

"பேர் தெரியாது, ஃபாதர்."

அவர் மேலே கேட்கவில்லை. விமான நிலையத்துக்கு வண்டி கிளம்பியதும் மைக்கை வாங்கிச் செபமாலையை ஆரம்பித்தார். அதன் முதல் பத்து மணிகளை, பெயர் தெரியாத ஒரு தம்பிக்காக என்று ஒப்புக்கொடுத்தார்.