பில்லர் பேனலுக்குத் துணி ஒட்டுவதற்கு முன்

காருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பேனலுக்குத் துணி ஒட்டப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, "கழற்றிப் பின்பக்கம் பார்த்தீங்களா?" என்பதுதான். பெரும்பாலும் பிபி அல்லது ஏபிஎஸ் என்று பிளாஸ்டிக்கின் வகையை அங்கே சின்னதாகப் பொறித்திருக்கும். ஏபிஎஸ்ஸில் பசை நன்றாகப் பிடிக்கும். பிபி, அதாவது பாலிப்ரொப்பிலீன், லேசில் பிடிகொடுக்காது. அதன்மேல் தண்ணீர் தெளித்தால் பரவாமல் முத்து முத்தாக நிற்கும். பசைக்கும் அதே கதிதான். அட்ஹீஷன் ப்ரோமோட்டர், அதாவது பசை பிடிக்க உதவும் திரவம், ஒரு பூச்சு அடித்த பிறகுதான் அதில் பசையே.

என் பழைய காரின் பில்லர் பேனல்கள், அதாவது கூரையைத் தாங்கும் தூண்களை உள்ளே மூடியிருக்கும் பிளாஸ்டிக், கீறலும் வெளுப்புமாகக் கிடந்தன. பெயின்ட் அடித்தால் போதும் என்றார்கள். எனக்குத் துணிதான் பிடிக்கும். கை படும்போதே வித்தியாசம் தெரியும், விளிம்புகள் உரசி வரும் கிறீச் சத்தமும் அடங்கிவிடும்.

முன்கண்ணாடி ஓரத்துத் தூணான ஏ பில்லரில் ஏர்பேக் என்று எழுதியிருந்தால் மட்டும் நான் அந்தப் பேனலைத் தொடுவதே இல்லை. பின்னால் இருக்கும் திரை ஏர்பேக் விரிய வேண்டிய வழி அது. அழகுக்காக அதில் கை வைக்கக் கூடாது.

டேஷ்போர்டுக்கு அடிக்கும் பாலிஷில் சிலிகோன் இருந்தால் அது பசைக்கு முதல் எதிரி. சோப்புத் தண்ணீரில் கழுவி, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, அப்புறம் 240 எண் உப்புத்தாளால் தேய்த்து, மறுபடியும் துடைக்க வேண்டும். துடைக்காமல் தேய்த்தால் அந்த எண்ணெய்ப் பிசுக்கைக் கீறலுக்குள் அமுக்கி விடுவோம்.

வெயிலில் பூட்டி நிற்கும் காருக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டும். கைவினைப் பொருளுக்கான சாதாரண ஸ்ப்ரே பசை அதில் இளகிவிடும். கூரைத் துணி ஒட்டுகிற, சூடு தாங்கும் கான்டாக்ட் பசைதான் சரி. துணி, பேனல் இரண்டிலும் அடித்து, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகே சேர்க்க வேண்டும்.

வேலையின் உயிர் குழிவில் இருக்கிறது. மேட்டுப் பகுதியில் துணி தானாகப் படியும். குழிவில், இரு கரைகளையும் முதலில் ஒட்டிவிட்டு நடுவை அமுக்கினால் அன்றைக்கு நன்றாக இருக்கும். இழுபட்ட துணி சூடு ஏறியதும் மெல்ல எழும்பிப் பாலம் கட்டிவிடும். ஆகவே குழியின் அடியிலிருந்து தொடங்கி, விரல் நுனியால் வெளிப்பக்கமாகத் தடவிக்கொண்டே வர வேண்டும். அதற்கு நாலு பக்கமும் இழுபடும் துணி வேண்டும். பின்னால் மெல்லிய ஃபோம் இருந்தால் சின்னக் கீறல்கள் மறையும், ஆனால் பேனல் பக்கத்துப் பாகத்தோடு பொருந்தும் இடத்தில் அந்தத் தடிமன் இடிக்கும். அங்கே ஃபோமைச் சுரண்டி எடுத்துவிடுவேன்.

கார் உட்புறத்துக்கு என்றே விற்கும் துணியை வாங்குங்கள். அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்பு விதியான எஃப்எம்விஎஸ்எஸ் 302-இன்படி உட்புறப் பொருளில் தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் பரவக் கூடாது. வீட்டுத் திரைத்துணிக்கு அந்தச் சோதனை கிடையாது.

விளிம்பில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் விட்டு மடியுங்கள். வளைவில் 'வி' வடிவில் வெட்டினால் மடிப்பு குவியாது. கிளிப் உட்காரும் இடத்தில் துணி ஏறக் கூடாது. எல்லாம் ஒட்டி முடித்த பிறகே சீட் பெல்ட் துளையை நடுவிலிருந்து குறுக்காகக் கீறி உள்ளே மடிக்க வேண்டும். ஸ்வேட் (மென்மயிர்த் தோல்) மாதிரித் துணி என்றால் எல்லாப் பேனலுக்கும் மயிரிழை ஒரே திசையில் இருக்கும்படி வெட்டுங்கள், இல்லாவிட்டால் இடமும் வலமும் வேறு வேறு நிறமாகத் தெரியும்.